ஹெட்ட என்ன: கொழும்பில் ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு

ஹட்டனில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினேன். கோச்சியில், அதாவது ரயிலில், வரத்தான் ஆசை, சீட் கிடைக்கவில்லை. கினிகத்தேனை வளைவுகளில் பாதிப் பேர் பொலித்தீன் பையோடு குனிந்திருந்தார்கள், கித்துல்கலையில் பிளேன்டீக்கு நிறுத்தினார்கள், அவிசாவளை தாண்டியதும் முதுகு வியர்க்க ஆரம்பித்தது. பயணம் அவ்வளவுதான்.

வந்த காரியம் ஒரே ஓர் எழுத்து. அம்மாவின் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. 1953இல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தபோது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் சரியாக எழுதி வைத்திருக்கிறார். பிறகு அடையாள அட்டை எடுத்தபோது அது சிங்களத்துக்குப் போனது. சிங்களத்தில் ‘ழ’ கிடையாது, அது அவர்கள் குற்றமும் இல்லை. ஆனால் அங்கிருந்து இன்னொரு ஆவணத்துக்காகத் திரும்பத் தமிழுக்கு வந்தபோது ‘ல’வாக வந்து சேர்ந்தது. இப்போது அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதிக் காசு, ‘ழ’ அம்மாவும் ‘ல’ அம்மாவும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும்வரை அசையாது. ஹட்டனில் கேட்டால், பழைய பதிவு கொழும்பில் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். பள்ளிக்கூட விடுமுறை, சரி போவோம் என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் காகிதம் என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. தாத்தா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது, அந்த வருஷம் முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை என்றாக்கினார்கள். மலையகத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்களானார்கள். தாத்தா அடுத்த ஓட்டைப் போட்டது 1994இல். இடையில் 47 வருஷம். அன்றைக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போனார், வந்து ஒன்றும் பேசவில்லை, வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

அவருடைய தம்பி குடும்பம் ‘ஒப்பாரி கோச்சி’யில் போய்விட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றி பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்களே, அந்தக் கணக்கில். கோச்சி தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்கு. ஸ்டேஷனில் கோச்சி நகரும்போது இரண்டு பக்கமும் எழும் சத்தத்தினால்தான் அந்தப் பெயர். கோச்சியில் சீட் இல்லாமல் போனதும் ஒருவகையில் நல்லதுதான், இல்லாவிட்டால் வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்திருப்பேன். பஸ்ஸிலும் நினைத்துக்கொண்டுதான் வந்தேன் என்பது வேறு விஷயம்.

புறக்கோட்டையில் இறங்கி, 100ஆம் நம்பர் பஸ் பிடித்து வெள்ளவத்தை. தங்குவது ஓர் அண்ணை வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் என்னோடு படிப்பித்தவர், ஓய்வுபெற்று இங்கே நாலாம் மாடியில் இருக்கிறார். கதவைத் திறந்ததும், “என்ன தம்பி, ஓர் எழுத்துக்கு ஒரு கிழமையோ?” என்றார். அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார். ஒரு கிழமை என்று அவர் வாயில் வந்ததுதான், அப்படியே ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

இரண்டாம் நாள், திங்கள்

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே எனக்கு உதவியவர்களும் இருக்கிறார்கள்.

வாசல் பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் பளபளவென்று இருந்தது. உள்ளே போனால் மொழி குறைந்துகொண்டே வருகிறது. நம்பர் எடுக்கும் இடத்தில் இரண்டு மொழி, படிவத்தில் ஒன்று. காலை 8.20க்குப் போனவன் 11 மணிக்குக் கவுன்டருக்குப் போனேன். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்கவும் வரும், ஆனால் அம்மாவின் பிறப்பைப் பற்றி அதிகாரபூர்வமாக நாலு வரி எழுது என்றால் கை நிற்கும். தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேட்டேன். முடிந்துவிட்டதாம். தமிழில் எழுதிக் கொடுக்கட்டுமா? எழுதலாம், ஆனால் பார்க்கும் ஆள் இன்றைக்கு லீவு.

“ஹெட்ட என்ன.”

சிங்களத்தில் அதற்கு ‘நாளைக்கு வாருங்கள்’ என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு, ‘நாளைக்கு என்ன?’ என்று யாரோ நம்மையே திருப்பிக் கேட்பதுபோல இருக்கும். சின்ன வயதில் தாத்தாவோடு ஆபீஸ்களுக்கு அலைந்தபோது நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன், அந்த மாத்தயா எங்களிடம் ஏதோ கேள்வி கேட்கிறார், தாத்தாவுக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் திரும்பிப் போகிறோம் என்று.

கவனித்துப் பாருங்கள், யாரும் எனக்கு ‘தமிழில் முடியாது’ என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 1988இல் 16ஆவது திருத்தம் வந்து நிர்வாக மொழி விஷயத்தை இன்னும் விரித்து எழுதியது. 1991இல் ஒரு சட்டம் போட்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவையே அமைத்தார்கள். இதில் ஒரு வரியைக்கூட யாரும் அழிக்கவில்லை. படிவம் தீர்ந்துவிடுகிறது, ஆள் லீவில் போகிறார், அவ்வளவுதான்.

என் பின்னால் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வயோதிபர். அவருக்கும் நாளைக்குத்தான். காவலுக்கு நின்ற சிங்களப் பையன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் தட்டச்சு செய்யும் ஒருவர் இருக்கிறார், முன்னூறு ரூபாய்க்குச் சிங்களத்தில் நிரப்பித் தருவார் என்று காதோடு சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். பெரியவர் போனார். நான் போகவில்லை. ஏன் என்று கேட்டால் உருப்படியான பதில் இல்லை, வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், செவ்வாய்

அலுவலகத்துக்குப் போகாமல், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த பிள்ளை அங்கே சட்டத்தரணி. தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் குப்பிலாம்பு வைத்துப் படித்தவள், இப்போது கறுப்புக் கோட்டோடு நீதிமன்றப் படிக்கட்டில் நின்று, “சேர், சாப்பிட்டீங்களா?” என்றாள். வாத்தியாராக இருப்பதில் சம்பளத்துக்கு மேல் கிடைப்பது இது ஒன்றுதான்.

பக்கத்து சைவக் கடையில் சோறு வாங்கிக் கொடுத்தாள், என்னைக் காசு கொடுக்க விடவில்லை. ‘ழ’ விஷயத்துக்கு என்ன செய்யவேண்டும் என்பதை இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்தாள்: சத்தியக்கடதாசி ஒன்று, தமிழில் ஒரு கடிதம், கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையொப்பம். அப்புறம் ஒன்றரை மணி நேரம் வேறு கதை. நான் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் கேள்வி, தாத்தாவின் ஓட்டைப் பறித்தபோது யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லையா? போயிருக்கிறார்கள். கோடகன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி வழக்காடி, அது அப்போது எங்களுக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிருக்கிறது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் போடும் சட்டம் செல்லாது என்று சொல்லும் பிரிவு. சிறுபான்மையினருக்கு அதுதான் கவசம் என்று எல்லோரும் நம்பினார்கள். 1953இல் பிரிவி கவுன்சில், பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பிரிவை மீறவில்லை என்று சொல்லிவிட்டது. ஏன் என்றால் சட்டத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று ஒரு வார்த்தைகூட இல்லை. வம்சாவளியால் பிரஜையாக, நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான விதிபோலத்தான் இருக்கும். அப்பாவின் பிறப்புச் சான்று தோட்டத்தில் எத்தனை பேரிடம் இருந்தது என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

“பேர் சொல்லாம அடிக்கிற சட்டம் சேர், அதுதான் கோர்ட்ல பிடிக்கிறது கஷ்டம்” என்றாள்.

இரண்டாவது வழக்கு எனக்குப் பெயர் மட்டும் தெரிந்தது. கோடீஸ்வரன் வழக்கு. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்க எழுதுவினைஞர்கள் சிங்களப் பரீட்சை எழுதவேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு கிடையாது. கோடீஸ்வரன் எழுத மறுத்தார், 1962இல் சம்பள உயர்வு நின்றது, வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின் மேல், அதாவது அரசின் மேல், வழக்கே போட முடியாது என்று அதை மாற்றியது, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற பக்கமே போகவில்லை. 1969இல் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம், மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை நீங்களே விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. விசாரிப்பதற்குள் 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்வதையே ஒழித்தார்கள். 1972இல் புது அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவும் போனது. கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன், ரசம் ஆறிப்போனது. பத்து வருஷம் ஒரு மனிதர் வரிசையில் நின்றிருக்கிறார், கவுன்டரையே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“இப்ப எப்படி?” என்றேன்.

இப்போதைய அரசியலமைப்பில் 80ஆம் உறுப்புரையின் மூன்றாவது பந்தி இருக்கிறதாம். ஒரு சட்டமூலத்தில் சபாநாயகர் கையெழுத்து விழுந்தபிறகு அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. கேட்பதென்றால் சட்டமூலமாக இருக்கும்போதே கேட்கவேண்டும், அதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். இணையத்தில் எழுதுவதையும் பேசுவதையும் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின்போது இதுதான் நடந்தது. சட்டமூலத்தை எதிர்த்துக் கோர்ட்டில் மனுக்கள் குவிந்தன, பல பிரிவுகளைத் திருத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, 2024 பெப்ரவரி முதலாம் திகதி சபாநாயகர் கையெழுத்துப் போட்டார், நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேரவில்லை என்று எதிர்க்கட்சி சத்தம் போட்டது. சபாநாயகர் மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள், தோற்றது. சட்டம் சட்டமாகிவிட்டது.

“அதனால எங்கட வேலை பாதி, புதுச் சட்டமூலம் வந்திருக்கா என்று அரசாங்க வர்த்தமானி பார்க்கிறது சேர். வெள்ளிக்கிழமை ராத்திரியில எல்லாரும் படம் பார்ப்பாங்க, நான் வர்த்தமானி பார்க்கிறேன்.” சிரித்துக்கொண்டே சொன்னாள். பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் தூங்கி வழிந்த பிள்ளை.

சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஓட்டோவில் திரும்பினேன். மீட்டர் வேலை செய்யவில்லை. கொழும்பில் எந்தக் காலத்தில் வேலை செய்தது.

நான்காம் நாள், புதன்

போயா, பௌர்ணமி விடுமுறை. அலுவலகம் பூட்டு. மழை வேறு. முதல் நாளே கலண்டரைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

காலையில் குடை பிடித்துக்கொண்டு 57ஆம் ஒழுங்கை தமிழ்ச் சங்கம்வரை நடந்து, பூட்டியிருந்த கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். காலி வீதியில் தண்ணீர் கணுக்கால்வரை. பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, பகல் முழுக்க அண்ணை வீட்டு பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையைச் சொன்னார். லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை, ‘காரணமில்லாமல் கொழும்பில் இருக்கிறார்கள்’ என்று பொலிஸ் தட்டி எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது. 370க்கும் மேற்பட்டவர்கள். அண்ணையின் மச்சான் ஒருவர் வெளிநாட்டு வீசாவுக்காக இதே வெள்ளவத்தையில் லொட்ஜில் இருந்தவர், சாரத்தோடு ஏற்றினார்களாம், பாஸ்போர்ட் தலையணைக்குக் கீழே. ஆனால் அண்ணை அழுத்திச் சொன்னது அடுத்த நாளை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போய், எட்டாம் திகதியே இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பஸ்கள் திரும்பின.

“ஒரு நாள் பிந்தியிருந்தா அது வழக்கமாப் போயிருக்கும் தம்பி” என்றார். “சனத்துக்குப் பழகிப்போயிருக்கும். எங்களுக்கும்தான்.”

இரவு அவர் மகன் அட்லாண்டாவிலிருந்து வீடியோவில் வந்தான். அவனுக்கு அங்கே காலை. தகப்பன் என் ‘ழ’ கதையைச் சொல்லச் சொன்னார், சொன்னேன், ஒப்பாரி கோச்சி, கோடகன் பிள்ளை எல்லாம் சேர்த்து. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சேர், இங்கயும் ஒரு 29ஆம் பிரிவு இருந்தது” என்றான்.

அவன் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். 1965 மார்ச் 7, அலபாமாவில் செல்மா என்ற ஊர். ஓட்டுரிமை கேட்டு நடந்த கறுப்பினத்தவர்களைப் பாலத்தில் பொலிஸ் அடித்து நொறுக்கியது, டீவியில் நாடு முழுக்கப் பார்த்தது. ஐந்து மாதத்தில், ஆகஸ்ட் 6ஆம் திகதி, வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதன் ஐந்தாம் பிரிவுதான் கெட்டிக்காரத்தனம். பாகுபாடு காட்டிய வரலாறுள்ள மாநிலங்கள் ஓட்டு விதி எதை மாற்றினாலும், ஒரு வாக்குச்சாவடியை இடம் மாற்றுவதென்றாலும், முன்கூட்டியே மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்கவேண்டும். மாற்றத்தால் யாருக்கும் பாதகம் இல்லை என்று காட்டவேண்டியது அந்த மாநில அரசாங்கத்தின் வேலை. அடிபட்டவன் வக்கீல் பிடித்து ஓடவேண்டியதில்லை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் 29ஆம் பிரிவில் இல்லாமல் போனது அதுதானே. பறித்தபிறகு, பறிகொடுத்தவன் லண்டன்வரை போய் நிரூபி என்றார்கள். அங்கே பறிக்குமுன்னே பறிப்பவன் நிரூபி.

அந்தச் சட்டத்தை 2006இல் இன்னும் 25 வருஷத்துக்கு நீட்டினார்கள், செனட்டில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவரும் இல்லை. ஏழு வருஷம் கழித்து, 2013 ஜூன் 25, ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. ஐந்தாம் பிரிவைத் தொடவில்லை. எந்த மாநிலங்கள் அதற்குள் வரும் என்று சொல்லும் கணக்கு பழையது, செல்லாது என்றது. கணக்கு இல்லாமல் பிரிவு யார் மேல் பாயும்? சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, வேலை செய்யாது. தீர்ப்பு வந்த அன்றைக்கே டெக்சாஸ் மாநிலம் தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவருகிறோம் என்றது. அதிலும் எந்த இனத்தின் பெயரும் இல்லை. எந்த அட்டை செல்லும், எது செல்லாது என்ற பட்டியல் மட்டும்தான். துப்பாக்கி அனுமதி அட்டை செல்லும், அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், மழையில் நனையவில்லையே என்று குடையைத் தூக்கி எறிவதுபோல என்று எழுதினாராம். நான் பல்கனியில் விரித்துக் காயவைத்திருந்த என் குடையைப் பார்த்தேன்.

அவன் இருக்கும் ஜார்ஜியாவில் 2021இல் ஒரு சட்டம், வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு வெளியாட்கள் சாப்பாடோ தண்ணீரோ கொடுப்பது குற்றம் என்று. அக்கா அதை நம்பவே இல்லை. “தண்ணி குடுக்கிறது குற்றமோ?” என்று மூன்று தரம் கேட்டார்.

போன் வைத்தபிறகுதான் ஒன்று உறைத்தது. 2013. நான் கடைசியாக மாகாண சபைக்கு ஓட்டுப் போட்டதும் அதே வருஷம், செப்டெம்பர் 21. மத்திய மாகாணத்தில் அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தலே இல்லை. சபையை யாரும் ஒழிக்கவில்லை, 2017இல் தேர்தல் முறையை மாற்ற ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் தோற்கடித்தது, பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை, ஆளுநர் நடத்துகிறார். உள்ளூராட்சித் தேர்தலும் 2023 மார்ச்சில் நடக்கவேண்டியது, காசு இல்லை என்று நின்றது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்றது, 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து நான்கூட அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. தாத்தாவுக்கு 47 வருஷம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன், என் 2013ஐ எண்ணவே இல்லை.

ஐந்தாம் நாள், வியாழன்

மறுபடி அலுவலகம். கையில் இரண்டு கடிதம்.

ஒன்று அம்மாவுடையது, தமிழில், என் கையெழுத்தில், ‘ழ’வைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தேன். இரண்டாவது, 2016இன் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம்: இந்த அலுவலகத்தில் தமிழில் கடமையாற்றக்கூடிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேர், தமிழ்ப் படிவம் கடைசியாக எப்போது அச்சிடப்பட்டது. ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். புதுக்கடைப் பிள்ளை சொல்லிக் கொடுத்தது.

உண்மையைச் சொன்னால் கை நடுங்கியது. இருபது வருஷம் பிள்ளைகளுக்குக் குடியியல் படிப்பித்திருக்கிறேன். கவுன்டருக்கு முன்னால் தாத்தாவின் பேரன்தான் நிற்கிறான்.

இரண்டாவது கடிதத்தைப் பார்த்ததும் கவுன்டரில் இருந்த பெண் உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் வேறொரு அம்மா வந்தார், நல்ல தமிழ், மாத்தளைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. தமிழ்ப் படிவம் மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து வந்தது. ஒரு கட்டு இருந்தது. முடியவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. ஐந்து பிரிவுக்கும் தமிழுக்கு அவர் ஒருவர்தானாம். “லீவு போட்டா இதுதான் சேர் நடக்குது. ஆள் கேட்டு எழுதியிருக்கோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அந்த ரெண்டாவது கடிதத்தைத் திருப்பி எடுக்காதீங்க” என்று மெதுவாகச் சொன்னார். நான் எடுப்பதாகவும் இல்லை. இரண்டு பிரதியிலும் திகதி போட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். நாளைக்கு வந்து திருத்திய பிரதியை எடுக்கலாம். இந்தத் தடவை ‘ஹெட்ட என்ன’ இல்லை, தமிழில் ‘நாளைக்கு வாங்க’.

சாயங்காலம் காலிமுகத்திடல். இறால் வடை ஒன்று, உறைப்பில் கண்ணீர் வந்தது. பழைய பாராளுமன்றக் கட்டடம், இப்போது ஜனாதிபதி செயலகம், எதிரே நின்று பார்த்தால் அவ்வளவு அமைதி. 1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டமூலம் உள்ளே வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் வெளியே இந்தத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கும்பல் அடித்தது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். 2016 சுதந்திர தின விழாவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேசிய கீதம் தமிழில் ஒலித்ததும் இதே திடலில்தான், நான் டீவியில் பார்த்து வகுப்பில் போய்ச் சொன்னேன். 2020 விழாவில் அது இல்லை. எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை, நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். 2022இல் இங்கே கூடாரம் போட்டு ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த மே 18ஆம் திகதி இதே புல்லில், போரில் செத்தவர்கள் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள், சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். யாராவது அதற்கு முந்தின வருஷம் இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பேன். இப்போது அந்த இடத்தில் பட்டம் விடுகிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

ஆறாம் நாள், வெள்ளி

பத்து மணிக்கே கூப்பிட்டார்கள். மாத்தளை அம்மா சிரித்தபடி பிரதியை நீட்டினார். வாசித்தேன். அப்பா பெயர் சரி, தோட்டத்தின் பெயர் சரி, திகதி சரி. அம்மாவின் பெயரில் ‘ள’.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கணினியில் அடித்தவர் வேறு பிரிவாம். திரும்ப அடித்து, திரும்பப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி, பன்னிரண்டே முக்கால்.

காத்திருந்தபோது அம்மா போன் எடுத்தார். “எழுதிட்டாங்களாப்பா?”

“எழுதிக்கிட்டு இருக்காங்கம்மா.”

“நீ பக்கத்துலயே நின்னு பாரு.”

நின்று பார்த்தேன். இந்தத் தடவை ‘ழ’.

ஹட்டன் பஸ் ஒன்றரைக்கு. கிளம்பும்போது வாசலில் அந்தக் கிண்ணியாப் பெரியவர், திங்கட்கிழமை நிரப்பிய சிங்களப் படிவத்தோடு. அதில் ஏதோ பிழையாம், திருப்பிவிட்டார்கள், என்ன பிழை என்று அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. உள்ளே தமிழ்ப் படிவம் இருக்கிறது, இழுப்பறையில், ஒரு கட்டு, என்றேன். “கேட்டா தருவாங்களா தம்பி?” என்றார்.

ஒன்றரை பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்தது மூன்றே காலுக்கு.